புது ராணி எறும்பு டியூபில் அடங்கவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

சித்திரையில் ஒரு உழவு மழை பெய்துவிட்டால் போதும், கொங்குப் பக்கம் பொழுது சாய்ந்ததும் தெருவிளக்கடியில் இறக்கை வைத்த எறும்புகள் விழ ஆரம்பித்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனிச் சாரலிலும், ஐப்பசி மழையிலும் மறுபடி சில இனங்கள் கிளம்பும். அப்படி இறக்கை உதிர்த்து நடந்துபோன ஒன்றைப் பிடித்து டெஸ்ட் டியூபில் விட்டவர்களுக்கும், எறும்பு வளர்க்கிற யாரிடமாவது ராணியை வாங்கி வந்தவர்களுக்கும் இது. உங்கள் டியூபில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அமைப்பே கோளாறாக இருந்தால் கீழே சொல்லும் எந்த வைத்தியமும் பலிக்காது, அதனால் அதை மட்டும் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டெறும்பு அளவுள்ள ராணிக்கு விரல் பருமனில், ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான கண்ணாடி டியூப் போதும். அடியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து இறுக்கமான பஞ்சு, நடுவில் காலி அறை, வாயில் இன்னொரு பஞ்சு. சுற்றிக் கறுப்புத் தாள். பஞ்சு மருந்துக்கடையில் விற்கும் சுத்தம் செய்த பஞ்சாக இருக்கட்டும். நம் ஊரில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை என்று ஜின்னிங் மில்லில் இருந்து ஒரு பிடி அள்ளி வந்தால் வேலைக்கு ஆகாது. விதை நீக்கிய பச்சைப் பஞ்சின் மேல் இயற்கையான மெழுகு இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. இலவம்பஞ்சு அதைவிட மோசம், தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் சிறுவாணியோ ஆற்றுத் தண்ணீரோ காய்ச்சி ஆறவைத்தது நல்லது. போர் தண்ணீரில் உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து உள்ளே பார்ப்பதே சிரமமாகிவிடும்.

பல நாளாகியும் முட்டையே இல்லை

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். "ஏனுங்கண்ணா, ஒரு வாரமாச்சு, ஒண்ணுகூட வெக்கலீங்களே" என்பார்கள். ஒரு வாரமெல்லாம் ஒரு கணக்கே இல்லை. பிடித்த மூன்றாம் நாளே இடுகிற ராணியும் உண்டு, இரண்டு மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருக்கிற ராணியும் உண்டு. ஒரு மாதம் தாண்டினால்தான் காரணம் தேட வேண்டும்.

முதல் கேள்வி, அது எறும்புதானா? சிரிக்க வேண்டாம். மழை ராத்திரியில் ஈசலும் இறக்கை எறும்பும் ஒரே விளக்கடியில்தான் விழுகின்றன. ஈசலுக்கு இடுப்பு ஒடுங்கியிருக்காது, நான்கு இறக்கையும் ஏறக்குறைய ஒரே நீளம், உணர்கொம்பு நேராக இருக்கும். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது, உணர்கொம்பு நடுவில் மடங்கியிருக்கும்.

இரண்டாவது, அது ராணிதானா? இங்கேதான் பெரும்பாலான ஏமாற்றம் நடக்கிறது. நம் வீட்டு வாசலில் ஊர்கிற பெரிய கறுப்புக் கட்டெறும்பு, அதாவது கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ், ஒரே கூட்டில் பல அளவுகளில் வேலைக்காரர்களை வைத்திருக்கும். அதில் பெரிய தலைக்காரியைப் பார்த்தால் யாருக்கும் ராணி என்றுதான் தோன்றும். தலையைப் பார்க்காதீர்கள், நடு உடம்பைப் பாருங்கள். ராணிக்குப் பறப்பதற்கான தசை இருந்த இடம் அது, தடித்து மேடாக இருக்கும். இறக்கை உதிர்ந்த இடத்தில் இரண்டு பக்கமும் சின்ன வடு தெரியும். பெரிய தலை வேலைக்காரிக்கு நடு உடம்பு ஒல்லியாக, பக்கவாட்டில் பார்த்தால் மேடில்லாமல் சரிந்து போகும், வடு இருக்காது. ஆண் எறும்பு இதற்கு நேர் எதிர்: சின்னத் தலை, பெரிய கண், ஒல்லி உடம்பு, இறக்கை கழலாது. பறந்த சில நாளிலேயே அது செத்தும் போகும். இந்த வேறுபாடுகளை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் கண்ணுக்குப் பழகிவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018 முதல் பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டயகாமா என்று ஒரு இனம் நம் தோட்டங்களில் சாதாரணமாக உண்டு. கறுப்பு, உடம்பில் மெல்லிய வரிகள், கடித்தால் சுருக்கென்று இருக்கும். அதற்கு ராணி என்று தனியே ஒன்று பிறப்பதே கிடையாது. வேலைக்காரிகளில் ஒருத்தி ஆணோடு சேர்ந்து அவளே முட்டையிடுவாள். ஆகவே "டயகாமா ராணி, இறக்கை கழன்றது" என்று யாராவது விற்றால் விற்பவருக்கே விவரம் தெரியவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, ஆணோடு சேர்ந்த ராணியா? சேர்ந்தபின் இறக்கையை உதிர்ப்பதுதான் வழக்கம், ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சேராமலே உதிர்ப்பதும் உண்டு, சேர்ந்தபின் ஒரு இறக்கையோடு வாரக்கணக்கில் திரிவதும் உண்டு. அதனால் இறக்கை இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிய்த்துவிடவும் வேண்டாம்.

இந்த மூன்றும் சரி, ஒரு மாதமும் ஆகிவிட்டது என்றால் அநேகமாகத் தொந்தரவுதான் காரணம். அடை வைத்த கோழியின் கூடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும். ஒருநாளைக்கு நாலு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பவர்களின் ராணிதான் எல்லாவற்றுக்கும் கடைசியாக முட்டையிடுகிறது. வாரம் அல்லது பத்து நாளைக்கு ஒருமுறை, அரை நிமிஷம், அவ்வளவுதான். பார்க்காமல் இருக்கவே முடியாது என்பவர்கள் டியூபைச் சுற்றி சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளலாம். எறும்புகளுக்குச் சிவப்பு வெளிச்சம் மிகக் குறைவாகத்தான் உறைக்கும்.

சூடும் ஒரு காரணம். 25 முதல் 30 டிகிரி வரை நம் எறும்புகளுக்குச் சுகம். மார்கழி, தையில் மேட்டுப்பாளையம், வால்பாறைப் பக்கம் ராத்திரி குளிர்ந்துவிட்டால் முட்டையிடுவது மந்தப்படும், சில நேரம் அடியோடு நின்றுபோகும். மாசியில் தானாகத் தொடங்கிவிடும். குளிர்நாட்டு எறும்பு வளர்ப்பாளர்கள் பனிக்காலத்தில் ராணியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்வார்கள். அது அவர்கள் ஊர் இனங்களுக்கு. நம் கட்டெறும்பைப் பிரிட்ஜில் வைத்தால் அது தூங்காது, சாகும்.

ஓயாமல் ஓடுகிறது, பஞ்சைக் கடித்துப் பிய்க்கிறது

முதல் இரண்டு மூன்று நாள் இது இயல்பு. பறந்து, சேர்ந்து, குழி தோண்ட இடம் தேடிக்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்து அடைத்திருக்கிறோம், அது வழி தேடத்தான் செய்யும். பஸ் பார்சலிலோ வண்டிப் பெட்டியிலோ உச்சி வெயிலில் வந்த ராணி இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். வந்தவுடன் புது டியூபுக்கு மாற்றாமல், வந்த டப்பாவோடு ஒருநாள் இருட்டில் வைத்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். வழியில் முட்டைகள் உலுங்கிச் சிதறியிருந்தாலும் கவலை வேண்டாம், திரும்ப இடும்.

ஒரு வாரம் கழித்தும் ஓட்டம் நிற்கவில்லை என்றால் வெளிச்சம் எங்கிருந்தாவது கசிகிறதா பாருங்கள். அப்புறம் டியூபின் வாசனை. சோப்புப் போட்டுக் கழுவிச் சரியாக அலசாத டியூப், புது பிளாஸ்டிக் நாற்றம், கையில் தேங்காயெண்ணெய் அல்லது கொசு விரட்டிக் களிம்பு என்று எது ஒட்டியிருந்தாலும் அது ஒதுங்கப் பார்க்கும். அறை ரொம்பப் பெரிதாக இருந்தாலும் அடங்காது. உடம்பு நீளத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு இடமே அதற்குத் தாராளம், மீதியைப் பஞ்சை உள்ளே தள்ளிச் சுருக்கிவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடுகிறது, தாடை நீளமாக, வேட்டைக்காரத் தோற்றத்தில் இருக்கிறது என்றால் அது வேறு கதை. கட்டெறும்பு ராணி உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பையும், இனிமேல் தேவைப்படாத பறக்கும் தசையையும் கரைத்தே முதல் பிள்ளைகளை வளர்த்துவிடும். முதல் வேலைக்காரி வரும்வரை அதற்குச் சாப்பாடே வேண்டாம். ஆனால் ஹார்பெக்னாதஸ் போன்ற குதிக்கும் எறும்பு, தாடையைப் படீரென்று மூடுகிற ஓடோன்டோமாக்கஸ் ஆகியவற்றின் ராணிகள் நடுநடுவே வெளியே வந்து வேட்டையாடித்தான் பிள்ளை வளர்க்கும். இவற்றை முழுசாக அடைத்து வைத்தால் பட்டினியில் போய்விடும். டியூபை ஒரு சிறிய டப்பாவுக்குள் வாய் திறந்து வைத்து, டப்பாவில் மூன்று நாளைக்கு ஒரு சின்னப் பூச்சி போடுங்கள். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு இந்த இனங்களை நான் சொல்லவே மாட்டேன்.

முட்டை இருந்தது, இப்போது காணோம்

தின்றுவிட்டது. வேறெங்கும் போயிருக்காது. கெட்டுப்போன முட்டையைத் தின்று அந்தச் சத்தை அடுத்த முட்டைக்குப் போடுவது ராணிக்குப் பழக்கம்தான், ஒன்றிரண்டு குறைந்தால் பதற வேண்டாம். மொத்தக் குவியலும் காணாமல் போனால் அது மிரண்டிருக்கிறது. முட்டைகள் ஒரே குவியலாக, ராணி அதை வாயில் கவ்வியோ மேலே கவிந்தோ இருந்தால் எல்லாம் நலம். அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடந்தால் அடுத்த வாரம் காணாமல் போகப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் நம் பக்கத்துக்கென்றே ஒரு காரணம் உண்டு: தறி. சோமனூர், பல்லடம், அவினாசிப் பக்கம் வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடும். திருப்பூரில் கீழே நிட்டிங் மெஷின், மேலே குடித்தனம். எறும்புக்குக் காற்றில் வருகிற சத்தம் பெரிதாக உறைக்காது, ஆனால் காலடியில் வருகிற அதிர்வு நன்றாகத் தெரியும். மண்ணுக்குள் வாழ்கிற உயிர், எதிரி தோண்டுவதையும் கூட்டாளி கூப்பிடுவதையும் அதிர்வாகத்தான் உணர்கிறது. ஆகவே மாரியம்மன் நோம்பிக்கு மூன்று நாள் மைக்செட் அலறினாலும் டியூபுக்குள் ஒன்றும் ஆகாது, அந்த ஸ்பீக்கர் பெட்டி இருக்கிற மேஜையிலேயே டியூபை வைக்காத வரைக்கும். தறி ஓடும் வீட்டில் தரை, சுவர், அலமாரி மூன்றும் சேர்ந்து நடுங்கும். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி டியூப் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். மேல்பரப்பில் வளையம் தெரிந்தால் அந்த இடம் வேண்டாம். தறிக்கு எதிர்ப்பக்கச் சுவரில், பழைய மெத்தைத் துண்டையோ நான்காக மடித்த ஜமுக்காளத்தையோ போட்டு அதன் மேல் வைத்தால் வெகுவாகக் குறையும். அதுவும் போதவில்லை என்றால் தறி இல்லாத உறவுக்காரர் வீட்டில் இரண்டு மாதம் விட்டு வைப்பதுதான் வழி. பிரிட்ஜ் மேலே, மிக்சி வைக்கிற மேடையில், தண்ணீர் மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் வைக்கிறவர்களுக்கும் இதே பதில்.

தின்றதும் சாப்பாடு கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கட்டெறும்பு மாதிரி அடைந்து கிடந்தே முதல் பிள்ளைகளை வளர்க்கும் இனம் என்றால் வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேலாகி, இரண்டு தடவை முட்டையைத் தின்றுவிட்டு, வயிறும் ஒட்டிப் போயிருந்தால் மட்டும் குச்சி முனையில் தொட்ட அளவு சர்க்கரைத் தண்ணீரைச் சின்ன அலுமினியத் தாள் துண்டில் வைத்துக் கொடுத்து, மறுநாளே தாளோடு எடுத்துவிடுங்கள்.

டியூபுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது

காலையில் சரியாக இருந்தது, சாயங்காலம் பார்த்தால் ராணி நீச்சலடிக்கிறது. சிமென்ட் ஷீட் போட்ட வீடுகளில் இது வருஷா வருஷம் நடக்கும். காரணம் எளிது. தண்ணீருக்குப் பின்னால், டியூபின் அடியில், ஒரு காற்றுக்குமிழி மாட்டியிருக்கும். பகலில் ஷீட் காய்ந்து அறை சூடேறும்போது அந்தக் காற்று விரிந்து தண்ணீரைப் பஞ்சு வழியாகத் தள்ளும். ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது தள்ளிய தண்ணீர் முழுதும் திரும்பி வராது. ஈரோடு, கரூர் பக்கம் சித்திரையில் 40 டிகிரியை ஒட்டிப் போகும்போது நாலு நாளில் டியூபுக்குள் இருக்கும் அறை பாதி நனைந்துவிடும்.

ஆகவே தண்ணீர் ஊற்றிப் பஞ்சை அடைக்கும்போதே குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சு தண்ணீரைத் தொட்டு, கொஞ்சம் தண்ணீர் மேலே பிதுங்கி வரும் வரை தள்ளி, பிதுங்கியதை வேறொரு பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பஞ்சு தளர்வாக இருந்தாலும் இதே கோளாறு வரும், இரண்டு விரற்கடை நீளத்துக்கு இறுக்கமாக இருக்கட்டும்.

இடத்தையும் மாற்றுங்கள். டியூபை அட்டாலியில் (பரணில்) ஏற்றி வைக்கிற பழக்கம் ஷீட் வீட்டுக்கு ஆகாது, சூடு முழுதும் மேலேதான் நிற்கும். தரையோடு, ஆசாரத்து மூலையில், ஒரு பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதன் நடுவே சின்னச் சட்டியைப் பதித்து, டியூபை அதற்குள் வைத்து மூடுங்கள். மணலுக்குத் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் தெளித்தால் போதும். பகலுக்கும் ராத்திரிக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் நன்றாகக் குறைந்துவிடும். குமிழிப் பிரச்சினைக்கு மூலமே அந்த வித்தியாசம்தானே.

மூழ்கிய ராணியை உடனே செத்ததாகக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். எறும்பு தண்ணீருக்குள் மூச்சடங்கி, அசைவற்றுக் கிடந்து, உலர்ந்தபின் மணிக்கணக்கில் கழித்து எழுந்து நடப்பது உண்டு. டிஷ்யூ தாளின் மேல் வைத்து, வெயில் படாமல், மறுநாள் வரை விடுங்கள். கால்கள் உள்ளே மடங்கி விறைத்து, தொட்டால் வயிறு கழன்று வந்தால்தான் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

பஞ்சு மஞ்சளாகிவிட்டது, கறுப்புப் புள்ளி வந்திருக்கிறது

மஞ்சளோ காப்பி நிறமோ அழுக்குத்தான், விடுங்கள். தண்ணீர்ப் பக்கப் பஞ்சில் கொஞ்சம் பூஞ்சை வந்தாலும் ராணி அதைப் பொருட்படுத்துவதில்லை, நாமும் பொருட்படுத்த வேண்டியதில்லை. பூஞ்சைக்குப் பயந்து டியூப் மாற்றப் போய் முட்டையைப் பறிகொடுத்தவர்கள்தான் அதிகம். பஞ்சை மீறிப் படர்ந்து முட்டைக் குவியலைத் தொடுகிற நிலை வந்தால் மட்டும் கீழே சொல்கிற மாதிரி மாற்றுங்கள்.

தண்ணீர் தீர்ந்துவிட்டது, டியூப் மாற்ற வேண்டும்

ஆடிக்காற்று அடிக்கிற மாதத்தில், ஜன்னலோரம் வைத்த டியூப் சீக்கிரம் காய்ந்துவிடும். கொட்டி, தட்டி, குச்சியால் தள்ளியெல்லாம் மாற்றக்கூடாது. புது டியூபின் வாயைப் பழைய டியூபின் வாயோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல் டேப் சுற்றுங்கள். புதியதற்குக் கறுப்புத் தாள் போட்டு, பழையதை வெளிச்சத்தில் விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், அறை வெளிச்சம் போதும். ராணி தானே போய்ப் பார்த்து, பிடித்திருந்தால் முட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். ஒரே ராத்திரியிலும் போகும், ஒரு வாரமும் இழுக்கும். அடம்பிடித்தால் அப்படியே ஒட்டி விட்டுவிடுங்கள், பழைய பக்கம் முழுதும் காயும்போது போய்த்தான் தீரும்.

மல்லாந்து கிடக்கிறது, கால் உதறுகிறது, நடை தள்ளாடுகிறது

விஷம் என்றே முதலில் சந்தேகப்படுங்கள். எறும்புச் சாக்பீஸ் கோடு, கொசுவத்தி, செருகி வைக்கிற கொசு மருந்து பாட்டில், கரப்பான் ஸ்பிரே எல்லாவற்றிலும் பைரித்திராய்டு வகை மருந்து இருக்கும். கொசுவைக் கொல்கிற அதே மருந்துதான் எறும்பின் நரம்பையும் பிடிக்கிறது. மூடிய அறையில் ராத்திரி முழுக்க கொசு மருந்து ஓடினால் பஞ்சு வாய் வழியாகவும் அது உள்ளே போகும். டியூபைக் காற்றோட்டமான வேறு அறைக்குக் கொண்டுபோய், மேலே சொன்ன ஒட்டுமுறைக்கெல்லாம் காத்திராமல் உடனே சுத்தமான டியூபுக்கு மாற்றுங்கள். இங்கே முட்டையை விட ராணிதான் முக்கியம். லேசாகப் பட்டிருந்தால் ஓரிரு நாளில் தேறும், கால் மடங்கிவிட்டால் தேறாது. பூஜை அறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் சாம்பிராணிப் புகையையும் கணக்கில் எடுங்கள். பீரோவுக்குள் பாச்சை உருண்டையோடு வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

விஷம் இல்லை, மெல்ல மெல்லச் சோர்ந்து செத்து, இரண்டு மூன்று நாளில் உடம்பு மூட்டுகளில் வெள்ளையாகப் பூத்துப் பின் பச்சையாக மாறினால் அது நோய்ப்பூஞ்சை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்பு எருக்குழிகளில் காண்டாமிருக வண்டுப் புழுவைக் கொல்ல மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைப் போடுவார்கள். தென்னைக்கு நல்ல மருந்து. அந்த இனப் பூஞ்சைகள் எறும்பையும் பிடிக்கும். எருக்குழி ஓரத்தில் பிடித்த ராணியை மற்ற டியூப்களோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். செத்ததை டியூபோடு எரித்துவிட முடியாது, கொதிநீரில் போட்டுப் பின் கழுவுங்கள்.

புழு அப்படியே நிற்கிறது, கூட்டில் கறுப்பாக ஏதோ தெரிகிறது

கட்டெறும்புப் புழு முற்றியதும் பட்டு நூற்றுத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். தவிட்டு நிறத்தில் அரிசி மாதிரி இருக்கும். அதன் ஒரு முனையில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அழுகல் இல்லை. புழுப் பருவம் முழுக்க வயிற்றில் சேர்ந்த கழிவை ஒரே தடவையாக வெளியே தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் புள்ளி வந்தால் உள்ளே ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது என்று சந்தோஷப்படலாம். நெருப்பெறும்பு, பெருந்தலைச் சிற்றெறும்பு வகைகள் கூடு கட்டுவதில்லை. அவற்றின் கூட்டுப்புழு வெள்ளையாக, கால் கை தெரிய வெறுமனே கிடக்கும், முதலில் கண் கறுக்கும், பின் உடம்பு நிறம் பிடிக்கும்.

காலம்: நெருப்பெறும்பு மூன்று நான்கு வாரத்தில் முதல் வேலைக்காரர்களைக் கொண்டுவந்துவிடும். கட்டெறும்புக்கு ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம், குளிர்காலமானால் இன்னும் கூட. இரண்டையும் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட்டுக் கவலைப்படுகிறார்கள், அது வேண்டாம். புழுக்கள் சுருங்கிப் பழுப்பாகி, ராணி அவற்றை ஓரத்தில் ஒதுக்கினால்தான் செத்தவை.

முதல் வேலைக்காரர்கள் வந்தார்கள், ஒவ்வொன்றாகச் சாகிறார்கள்

முதல் தலைமுறை எப்போதும் குட்டையாக, ஒல்லியாக இருக்கும். ராணி தன் உடம்பைக் கரைத்து வளர்த்த பிள்ளைகள், அப்படித்தான் இருப்பார்கள். ஆனால் சாவது இயல்பில்லை. இந்தக் கட்டத்தில் கொல்வது பெரும்பாலும் நம் பாசம்தான்: ஒரு சொட்டுத் தேன் விட்டால் அதில் ஒட்டிக்கொண்டு மூன்று நான்கு செத்துப்போகும். சர்க்கரை ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு, அதைச் சின்னப் பஞ்சில் நனைத்து வையுங்கள், நக்கலாம், மூழ்க முடியாது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் விரும்பித்தான் குடிக்கும், ஆனால் ஒரே நாளில் புளித்துவிடும். எறும்புக்கு வெள்ளைச் சர்க்கரையே வசதி.

இனிப்பு வேலைக்காரருக்கு. புழு வளரப் புரதம் வேண்டும். மருந்தடித்த தோட்டத்துப் பூச்சி வேண்டாம். கோபி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர் யாராவது தெரிந்திருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. புழு செத்துவிடும் என்பதால் மல்பரித் தோட்டத்தில் மருந்து விஷயத்தில் படு கவனமாக இருப்பார்கள். அவித்த பட்டுக் கூட்டுப்புழுவில் குண்டூசித் தலை அளவு துண்டு, ஐந்து வேலைக்காரருக்கு இரண்டு நாளைக்குக் காணும். அவித்த முட்டை மஞ்சள் கரு தூளும் ஆகும். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிட வேண்டும், விட்டால் சிலந்திப்பேன் வரும்.

பெரிய கண்ணாடிக் கூட்டுக்கு மாற்ற அவசரப்படாதீர்கள். வேலைக்காரர் இருபது முப்பது சேர்ந்து, டியூபில் இடம் நெருக்கும்வரை அதிலேயே இருக்கட்டும். ஆறு எறும்புக்கு அரண்மனை கட்டினால் ஒரு மூலையைக் குப்பைமேடாக்கிவிட்டு இன்னொரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும்.

வெளியெறும்பு புகுந்துவிட்டது

டியூபைச் சுற்றிச் சாக்பீஸ் போடுவதை மட்டும் செய்யாதீர்கள், காரணம் மேலே இருக்கிறது. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கல் வைத்து, அதன் மேல் டப்பாவை வைத்தால் போதும். உள்ளிருப்பவை வெளியேறாமலிருக்க டப்பா விளிம்பின் உள்பக்கம் முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள், கால் வழுக்கும்.

புகுந்தது நீண்ட காலோடு, மஞ்சள் நிறத்தில், திசை தெரியாமல் பைத்தியம்போல் ஓடினால் அது அனோப்லோலெபிஸ் கிராசிலிப்பெஸ். ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும், பறக்காமலே கூட்டம் பிரிந்து பரவும். 2022இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவார ஊர்களில் ஆடு மாடுகளையும் மேய்ப்பவர்களையும் படாதபாடு படுத்தியது இதுதான். வளர்க்க எளிது என்று சிலர் இதன் ராணியைத் தேடுகிறார்கள். வேண்டாம். ஏற்கெனவே வைத்திருந்தால் பொடக்காளியில் (வீட்டின் பின்பக்கம்) கொண்டுபோய்க் கொட்டாமல், டியூபோடு கொதிநீரில் போடுங்கள்.

பிறந்தவை எல்லாம் இறக்கையோடு, ஒல்லியாக இருக்கின்றன

ஆண்கள். ஆணோடு சேராத ராணியின் முட்டையிலிருந்து ஆண் மட்டுமே வரும், எறும்பு, தேனீ, குளவி எல்லாவற்றுக்கும் அப்படித்தான். சேர்ந்த ராணி ஒரே தடவை வாங்கிய விந்தை வயிற்றில் தனிப்பையில் வைத்து ஆயுள் முழுக்கச் செலவழிக்கும். லேசியஸ் நைஜர் என்ற ஐரோப்பிய இனத்து ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுக்கு மேல் இருந்திருக்கிறது. உங்களுடையதிடம் அந்த இருப்பு இல்லை, வேலைக்காரிகள் வரப்போவதில்லை. அந்த ஆண்களோடே சேரவிடலாமா என்றால், டியூபுக்குள் அது நடக்காது. கட்டெறும்புகளுக்குப் பறந்தால்தான் கல்யாணம். நம் ஊர் இனமாக இருந்தால், பிடித்த அதே இடத்தில், சாயங்காலத்தில், ஈரமண் பார்த்து விட்டுவிடுங்கள். வெளியூரிலிருந்து வாங்கியதாக இருந்தால் வெளியே விடாமல் அதன் காலம் முடியும் வரை டியூபிலேயே வைத்திருங்கள், மாதம் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் போதும்.